குறைந்த செலவில் தகனமும் அஸ்தியைக் கையாளுதலும்

துக்கத்தில் இருப்பவர்கள் விலை விசாரிக்கத் தயங்குவது இயல்பே. ஆயினும் இரண்டு மூன்று இறுதிச்சடங்குச் சேவை நிறுவனங்களிடமாவது வாகனம், குளிர்பதனம், தகனம், சான்றிதழ் எனக் கட்டணங்களைத் தனித்தனியே பிரித்து எழுத்தில் தரும்படி உறவினர் ஒருவர் மூலம் கேளுங்கள். சடங்கின்றி நேரடியாகத் தகனம் செய்து, நினைவுக் கூட்டத்தைப் பின்னர் வீட்டிலேயே நடத்துவது பெரும்பாலும் செலவு குறைந்த வழி; அதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. உடலில் இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி இருந்தால் முன்கூட்டியே கட்டாயம் தெரிவியுங்கள், ஏனெனில் அதன் பேட்டரி வெப்பத்தில் வெடிக்கக்கூடும்.

பெரியவர் ஒருவரின் அஸ்தி பொதுவாக 2 முதல் 3 கிலோ வரை இருக்கும். அதற்கு 3 முதல் 3.5 லிட்டர் கொள்ளளவுள்ள கலசம் போதும். விமானத்தில் கொண்டுசெல்வதாயின், எக்ஸ்ரே ஊடுருவாத உலோகக் கலசத்தைத் தவிர்த்து மரக் கலசத்தைத் தேர்ந்தெடுத்து, தகனச் சான்றிதழையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். அஸ்தியில் உப்பும் காரத்தன்மையும் மிகுதி என்பதால், செடியின் வேரடியில் அப்படியே கொட்டாமல் நிறைய மண்ணுடன் கலந்து இடுங்கள்.