கடலோரத்தில் ஒரு துறவி: மனிதர் நிற்கும் நிலக்காட்சி ஓவியத்தைப் படிக்கும் முறை

நிலக்காட்சி ஓவியத்தில் ஒரே ஒரு மனிதர் நின்றால், அவர் யார், என்ன நினைக்கிறார் என்று நம் மனம் உடனே கதை தேடும். அந்தக் கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு, ஓவியர் அவருக்கு எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறார் என்பதையே முதலில் பார்க்க வேண்டும். ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் பிரீட்ரிக் 1808 முதல் 1810 வரை தீட்டிய, இன்று பெர்லினில் இருக்கும் 'கடலோரத் துறவி' இதற்கு மிகச் சிறந்த பாடம்.

ஏறத்தாழ 171 செ.மீ. அகலமும் 110 செ.மீ. உயரமும் கொண்ட அந்தக் கித்தானின் பெரும்பகுதியை வானமே எடுத்துக்கொள்கிறது. அடியில் கருத்த கடல் ஒரு குறுகிய பட்டையாகவும், அதற்கும் கீழே மணல்மேடு வெளிறிய பட்டையாகவும் கிடக்கின்றன. நடுவிலிருந்து சற்று இடப்புறம் தள்ளி, நமக்கு முதுகைக் காட்டி நிற்கும் துறவி, விரல்நுனியால் மறைத்துவிடக்கூடிய அளவே இருக்கிறார். அச்சுப்படி ஒன்றில் அவரை அப்படியே மறைத்துப் பாருங்கள். வானத்தின் பிரம்மாண்டம் சட்டென்று குறைந்துவிடும், ஏனெனில் அதை அளந்து காட்டிய ஒரே அளவுகோல் அவர்தான்.

அடுத்து, தொடுவானக் கோட்டைக் கவனியுங்கள். துறவியின் தலை அதைத் தாண்டி எழவில்லை. கடலின் இருளுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. இதே ஓவியர் 1818 வாக்கில் வரைந்த, மூடுபனிக்கு மேலே பாறையுச்சியில் நிற்கும் பயணியின் ஓவியத்தை இதனருகே வைத்துப் பார்த்தால், அங்கும் முதுகுதான் தெரிகிறது என்றாலும், அந்த உருவம் ஓவியத்தின் நடுவே பெரிதாக நிமிர்ந்து நிற்பதால் மனநிலை முற்றிலும் மாறிவிடுவதை உணரலாம்.

இல்லாதவற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்; என்னைப் பொறுத்தவரை இந்த ஓவியத்தின் உயிரே அங்குதான் இருக்கிறது. கண்ணுக்குப் பிடிமானம் தர ஓரங்களில் மரமோ பாறையோ இல்லை. அகச்சிவப்புக் கதிர் ஆய்வில், பிரீட்ரிக் முதலில் கப்பல்களை வரைந்து பின்னர் நீக்கியிருப்பது தெரியவந்தது. ஆகவே இந்த வெறுமை தற்செயலானதல்ல. கண்ணிமைகளையே அறுத்தெறிந்ததுபோல் இருக்கிறது என்று 1810இல் எழுத்தாளர் கிளைஸ்ட் எழுதியது இதைப் பார்த்துத்தான்.

குறியீடுகளுக்கு இவற்றையெல்லாம் பார்த்த பிறகே வர வேண்டும். துறவியின் அங்கியைக் கண்டதும் 'இறைத்தேடல்' என்று முடிவுகட்டாமல், அதற்குச் சான்று தேடுங்கள். 1810இல் பெர்லின் கலைக்கழகக் கண்காட்சியில் இதற்குத் துணையாக வைக்கப்பட்ட ஓவியத்தில், பாழடைந்த மடாலயத்தின் வாசலை நோக்கித் துறவிகள் சவப்பெட்டியைச் சுமந்து செல்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கையில் மரணம், அதற்கு அப்பாலுள்ளது என்ற பொருளுக்கு உறுதியான பிடி கிடைக்கிறது. ஆனால் அவர் பிரார்த்திக்கிறாரா, அஞ்சுகிறாரா என்பதற்கு முகம் காட்டாத இந்த ஓவியத்தில் சான்று இல்லை. ஆகவே உங்கள் குறிப்பில் அதை முடிவாக எழுதாமல், இரண்டுக்கும் இடமுண்டு என்றே எழுதுங்கள்.