பயன்படாத மாறியா? அழிக்கும் முன் வலப்பக்கம் பாருங்கள்
லினக்ஸ் கெர்னலுக்கு டிரைவர் எழுதும்போது ‘இந்த மாறி பயன்படவில்லை’ என்று கம்பைலர் எச்சரித்தால், அந்த வரியை உடனே அழித்துவிடாதீர்கள். சமக்குறிக்கு வலப்பக்கம் ரீடுஎல் (readl) அழைப்பு மூலம் சாதனத்தின் ஒரு ரெஜிஸ்டரைப் படித்திருக்கிறார்களா? அப்படியானால் அந்த வாசிப்புதான் முக்கியம். கணினியையும் சாதனத்தையும் இணைக்கும் பிசிஐ பஸ்ஸில், எழுதிய பின் வழியில் தேங்கி நிற்கும் தரவை அது சாதனத்துக்குத் தள்ளிவிடும். மாறியை மட்டும் எடுத்துவிட்டு, ரீடுஎல் அழைப்பை அப்படியே விடுங்கள்.

சரி, கெர்னலை உருவாக்கும்போது செய்யும் கான்ஃபிக் தேர்வைப் பொறுத்துப் பயன்படும் மாறி என்றால்? இஃப்டெஃப் (#ifdef) போட்டு கம்பைலரிடமிருந்து மறைப்பதைவிட, சாதாரண இஃப்புக்குள் இஸ்_எனேபிள்ட் (IS_ENABLED, அந்தத் தேர்வு இயக்கத்தில் உள்ளதா என்று சொல்லும் மேக்ரோ) வைப்பதே எனக்குப் பிடித்த வழி. கம்பைலர் எல்லா வரிகளையும் சரிபார்த்துவிட்டு, வேண்டாததைத் தானே கழித்துவிடும். அது ஒத்துவராத இடத்தில் மாறியை அறிவிக்கும்போது ‘பயன்படாமலும் போகலாம்’ என்று கம்பைலருக்குச் சொல்லும் மேபி_அன்யூஸ்டு (maybe_unused) குறிப்பைச் சேர்க்கலாம். அதன் முன்னால் இரண்டு அடிக்கோடு வேண்டும். கம்பைல் செய்யும் விதத்தைச் சொல்லும் மேக்ஃபைலில் எச்சரிக்கையையே அணைப்பது மட்டும் வேண்டாம், அப்புறம் உண்மையான பிழையும் கண்ணில் படாமல் போய்விடும்.