கையில் காசு குறைவு, ஆனாலும் வீடு நம்ம வீடாக இருக்க வேண்டும்

புது இடத்துக்குக் குடிபோனால் முதல் ஒரு வாரம் எதையும் வாங்காதீர்கள். காலியாகக் கிடக்கும் அறையைப் பார்த்தால் கை அரிக்கும்தான், இருந்தாலும் பொறுங்கள். அந்த வாரம் முழுக்க உங்களையே கொஞ்சம் வேவு பாருங்கள்: எழுந்ததும் எங்கே போய் உட்காருகிறீர்கள், வெளியிலிருந்து வந்ததும் சாவியையும் பையையும் எங்கே வீசுகிறீர்கள், போனைச் சார்ஜில் போட எந்த மூலைக்குப் போகிறீர்கள், பொழுது சாய்ந்தால் எந்த இடம் இருட்டாகிறது. இருக்கிற கொஞ்சக் காசு போக வேண்டியது அந்த இடங்களுக்குத்தான். வருகிறவர்கள் பார்க்கும் முன்னறையை ஜோடித்து முடித்துவிட்டு, நாம் பொழுதன்னைக்கும் உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் வைக்க ஸ்டூல்கூட இல்லாமல் இருக்கும் வீடுகள்தான் அதிகம்.

அப்புறம், அழகு பார்ப்பதற்கு முன்னால் எரிச்சல்களை ஒழித்துவிடுங்கள். ராத்திரி முழுக்கச் சொட்டும் குழாய், கிறீச்சிடும் கதவு, ஆடும் கைப்பிடி, பாதியில் சிக்கும் டிராயர். இவை ஒவ்வொன்றையும் ஒரு நாளைக்குப் பல தடவை தொடுகிறோம், தொடும்போதெல்லாம் இது யாரோ ஒருவருடைய வீடு என்ற நினைப்பு வருகிறது. திருகி மூடும் பழைய மாதிரிக் குழாய் சொட்டினால் பெரும்பாலும் உள்ளே வாஷர் தேய்ந்திருக்கும். தண்ணீர் வரும் வால்வை மூடிவிட்டு வாஷரை மட்டும் மாற்றினால் போதும். கிறீச்சிடும் கீலுக்கு இரண்டு சொட்டு எண்ணெய். மர டிராயர் சிக்கினால் அது ஓடும் விளிம்பில் மெழுகுவத்தியை நன்றாகத் தேய்த்துவிடுங்கள். அலமாரிக் கதவு தொங்குகிறது, ஸ்க்ரூவை எவ்வளவு முடுக்கினாலும் சும்மா சுற்றுகிறது என்றால் ஓட்டை பெரிதாகிவிட்டது என்று அர்த்தம். ஸ்க்ரூவைக் கழற்றுங்கள், நாலைந்து தீக்குச்சிகளின் மருந்து முனையைக் கிள்ளிப் போட்டுவிட்டு, குச்சிகளில் மரப்பசையைத் தடவி அந்த ஓட்டைக்குள் இறுக்கமாகத் திணியுங்கள், ஒரு ராத்திரி காயட்டும், வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிட்டு அதே ஸ்க்ரூவைத் திரும்ப முடுக்குங்கள். கதவு அசையாது.

சாமான்களை இடம் மாற்றிப் பார்ப்பதற்குச் செலவே கிடையாது, ஆனால் அதைத்தான் யாரும் செய்வதில்லை. எல்லாவற்றையும் சுவரோடு ஒட்டிப் போட்டால் அறை பெரிதாகத் தெரியும் என்ற நம்பிக்கையில் நடுவில் ஒரு வெற்றுத் திடலை உண்டாக்கிவிடுகிறோம், அப்புறம் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிறவர்கள் குரலை உயர்த்த வேண்டியிருக்கிறது. சோபாவை ஒரு சாண் முன்னால் இழுங்கள், நாற்காலியைக் கொஞ்சம் திருப்புங்கள். உட்காரும் இடத்துக்கும் முன்னால் இருக்கும் சின்ன மேசைக்கும் நடுவே சுமார் 45 சென்டிமீட்டர் இருந்தால் கால் இடிக்காது, கையும் எட்டும். ஆள் நடந்து போகிற வழிக்கு 75 சென்டிமீட்டராவது விடுங்கள்.

சரி, இப்போது வெளிச்சம். என்னைக் கேட்டால் பட்ஜெட்டில் பெரிய பங்கை இதற்குத்தான் ஒதுக்குவேன். உச்சியில் ஒரே ஒரு வெள்ளை டியூப்லைட் எரியும் அறையில் எவ்வளவு நல்ல சாமானைக் கொண்டுவந்து வைத்தாலும் அது ரயில்வே காத்திருப்பு அறை மாதிரிதான் இருக்கும். மேலிருந்து மட்டும் விழும் வெளிச்சம் அறை முழுவதையும் ஒரே மாதிரி வெளுக்க வைக்கும், முகத்தில் கண்ணுக்குக் கீழே நிழல் போடும். அதே அறையில் டியூப்லைட்டை அணைத்துவிட்டு, உட்கார்ந்தால் கண் மட்டத்துக்குப் பக்கத்தில் வருகிற மாதிரி இரண்டு மூன்று சின்ன விளக்குகளை மூலைக்கு ஒன்றாக வைத்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். வயரிங் வேலை எதுவும் வேண்டாம், பிளக்கில் செருகும் மேசை விளக்கு போதும். பல்பு நேராகக் கண்ணில் படக்கூடாது. ஒன்று, பல்புக்கு மேல் ஒரு மூடி போட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் விளக்கைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்து, சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளுங்கள். துணியோ காகிதமோ மூடியாக இருந்தால் சூடு குறைவான எல்இடி பல்பு மட்டும்தான் போட வேண்டும், பழைய குண்டு பல்பு வேண்டாம்.

பல்பு வாங்கும்போது டப்பாவில் மூன்று எண்களைப் பாருங்கள். முதலாவது கெல்வின். 2700 அல்லது 3000 என்றால் மஞ்சள் கலந்த இதமான வெளிச்சம், 4000 நடுவாந்தரம், 6500 என்றால் நீலம் அடிக்கும் வெள்ளை. எண் ஏற ஏற வெளிச்சம் குளிர்ச்சியாகிறது என்பது முதலில் குழப்பும், பழகிவிடும். படுக்கவும் உட்கார்ந்து பேசவும் 2700, சமையல் மேடைக்கும் எழுதும் மேசைக்கும் 4000 வரை போகலாம். ஒரே அறையில் ஒன்று மஞ்சள், ஒன்று நீலம் என்று கலந்துவிட்டால் எதைப் போட்டாலும் சரிப்படாது. இரண்டாவது லூமென், அதுதான் வெளிச்சத்தின் அளவு. வாட் என்பது அது குடிக்கும் மின்சாரம் மட்டும். பழைய 60 வாட் குண்டு பல்பு கொடுத்த சுமார் 800 லூமென் வெளிச்சத்தை இன்றைய எல்இடி 8 முதல் 10 வாட்டிலேயே கொடுத்துவிடுகிறது. மூலை விளக்குக்கு அதில் பாதி இருந்தாலே தாராளம். மூன்றாவது சிஆர்ஐ, நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான அளவு; 90க்கு மேல் கிடைத்தால் எடுங்கள், மரமும் துணியும் மனுஷ முகமும் செத்த நிறத்தில் தெரியாது.

பகல் வெளிச்சம் இலவசம். ஜன்னல் கண்ணாடியை உள்ளும் புறமும் துடையுங்கள், ஜன்னலுக்குக் குறுக்கே நிற்கும் உயரமான அலமாரியை நகர்த்துங்கள். ஜன்னலுக்கு எதிரிலோ பக்கச் சுவரிலோ ஒரு கண்ணாடியை மாட்டினால் வெளிச்சம் உள்ளே தள்ளிப்போகும், ஆனால் மாட்டுவதற்கு முன்னால் அதில் என்ன தெரிகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். துணி மலையையோ குப்பைக்கூடையையோ இரண்டாகக் காட்டுவதற்குக் கண்ணாடி வேண்டாம்.

திரைச்சீலையில் ஒரு சின்ன வேலை இருக்கிறது. கம்பியை ஜன்னல் சட்டத்துக்குச் சரியாக மாட்டாமல், சட்டத்துக்கு மேலே 10 முதல் 15 சென்டிமீட்டர் உயர்த்தி, இரண்டு பக்கமும் 15 முதல் 20 சென்டிமீட்டர் நீட்டி மாட்டுங்கள். ஒதுக்கும்போது துணி சுவர்மேல் போய் நிற்கும், கண்ணாடி முழுவதும் திறந்திருக்கும், ஜன்னலே பெரிதானது போல் தோன்றும். துணியின் மொத்த அகலம் கம்பியின் நீளத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருந்தால்தான் மடிப்பு விழும், அதற்குக் குறைந்தால் கொடியில் காயப்போட்ட மாதிரி ஆகிவிடும். திரைச்சீலைத் துணி விலை அதிகமாகத் தெரிந்தால் பெரிய பெட்ஷீட்டுகளை எடுத்து மேல் விளிம்பை மடித்துத் தையுங்கள். நீளம் மட்டும் தரையைத் தொட வேண்டும். பாதிச் சுவரில் நின்றுபோகும் திரைச்சீலை, உயரத்துக்குப் பற்றாத கால்சட்டைதான்.

துணிக்கு இன்னொரு வேலையும் உண்டு, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. காலி அறையில் கையைத் தட்டிப் பாருங்கள், சத்தம் திரும்பி வரும். வெறும் தரையும் வெறும் சுவரும் சத்தத்தைத் திருப்பியடிக்கின்றன, அதனால்தான் புது வீட்டில் பேசினாலே அந்நியமாக இருக்கிறது. ஒரு விரிப்பு, இரண்டு திரைச்சீலை, தலையணைகள், புத்தகம் அடுக்கிய ஒரு அலமாரி வந்தால் அந்த எதிரொலி அடங்கிவிடும். விரிப்பு வாங்கினால் சோபாவின் முன்கால்களாவது அதன்மேல் நிற்கிற அளவுக்குப் பெரிதாக வாங்குங்கள். சின்ன விரிப்பை நடுவில் போடுவதைவிட எதுவும் போடாமல் இருப்பது மேல். பெரியதற்குக் காசு பற்றவில்லை என்றால் மலிவான கோரைப் பாயைப் பெரிதாக விரித்து, அதன்மேல் சின்ன விரிப்பைப் போடலாம்.

சுவரில் படம் மாட்டும்போது கிட்டத்தட்ட எல்லோரும் ரொம்ப உயரத்தில் மாட்டுகிறார்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டரில் இருக்கட்டும், நிற்பவரின் கண் மட்டம் ஏறக்குறைய அதுதான். பல படங்களைச் சேர்த்து மாட்டுவதாக இருந்தால் ஒவ்வொன்றின் அளவுக்கும் பழைய செய்தித்தாளை வெட்டி, டேப்பால் ஒட்டி, இரண்டு நாள் பார்த்துவிட்டு ஆணி அடியுங்கள். என்ன மாட்டுவது என்று கேட்டால், கடையில் கிடைக்கும் அலங்கார வாசகப் பலகையை மட்டும் வேண்டாம் என்பேன். போனில் தூங்கிக்கொண்டிருக்கும் படங்களில் நல்லதாகப் பத்து எடுத்து அச்சுப் போடுங்கள், குழந்தை வரைந்ததைச் சட்டமிடுங்கள், பாட்டி கையெழுத்தில் இருக்கும் ஒரு துண்டுக் காகிதம் இருந்தால் அதையும்தான்.

ஆணி அடிக்கக்கூடாத வாடகை வீடா? ஒட்டும் கொக்கிகள் நன்றாகவே தாங்கும், ஒட்டும் விதம் சரியாக இருந்தால். சுவரை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிடுங்கள், கொக்கியை அரை நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள், ஒரு மணி நேரம் கழித்துத்தான் எதையும் மாட்டுங்கள். புதிதாகப் பெயிண்ட் அடித்த சுவர் என்றால் ஒரு வாரமாவது பொறுக்க வேண்டும். சொரசொரப்பான சுவரிலும் உதிரும் சுண்ணாம்புச் சுவரிலும் இந்தக் கொக்கி நிற்காது, வீணாக முயற்சி செய்யாதீர்கள்.

பெயிண்ட் அடிக்க அனுமதி இருந்தால், அறை முழுவதும் வேண்டாம், படுத்தாலும் உட்கார்ந்தாலும் கண்ணுக்கு நேராக வருகிற ஒரே ஒரு சுவர் போதும். ஒரு லிட்டர் பெயிண்ட் ஒரு கோட்டுக்கு ஏறக்குறைய 10 முதல் 12 சதுர மீட்டர் வரும், இரண்டு கோட் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் ஒரு பெரிய அட்டையில் அடித்து, அதைக் காலையிலும் சாயங்காலமும் விளக்கு வெளிச்சத்திலும் சுவரில் சாய்த்துப் பாருங்கள். கடையில் பார்த்த நிறம் வீட்டில் அப்படியே வருவது அபூர்வம்.

செடி வைக்கலாம், மணி பிளான்ட் மாதிரி கணு உள்ள கொடியில் ஒரு துண்டைத் தெரிந்தவரிடம் வாங்கி, கணு தண்ணீருக்குள் இருக்கும்படி பாட்டிலில் வைத்தாலே வேர் விடும். காற்றைச் சுத்தம் செய்யும் செடி என்று கூடுதல் விலை சொன்னால் மட்டும் நம்பாதீர்கள். இந்தப் பேச்சுக்கு ஆதாரமாகக் காட்டப்படும், 1989-ல் நாசா செய்த சோதனை மூடிய சின்னப் பெட்டிகளுக்குள் நடந்தது. 2019-ல் வெளிவந்த ஒரு மறு ஆய்வு, ஜன்னலைத் திறப்பது கொடுக்கும் பலனைச் செடிகளிடமிருந்து பெறச் சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வரை வேண்டும் என்று கணக்குப் போட்டது. பச்சையாக ஏதோ ஒன்று கண்ணில் படுவதற்காக வையுங்கள், அது போதும். தண்ணீர் குறைந்து சாகும் வீட்டுச் செடிகளைவிட அதிகமாகி வேர் அழுகிச் சாகும் செடிகள்தான் அதிகம்.

பெரிய சாமான்களைப் பழையதாக வாங்குங்கள். புதிய பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) மேசையின் விலைக்குப் பழைய கனமான மர மேசை கிடைக்கும். குப்புறத் தள்ளிப் பாருங்கள்: கீழ் விளிம்பு ஊதியிருந்தால் பார்ட்டிகிள் போர்டு தண்ணீர் குடித்துவிட்டது, விட்டுவிடுங்கள். பொடிப்பொடியாக ஓட்டையும் மாவு போல உதிர்வதும் இருந்தால் பூச்சி அரிக்கிறது. கால் மட்டும் ஆடினால் பயப்பட வேண்டாம், பேரம் பேசுங்கள். கால் சேரும் இணைப்பைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டிவிட்டு, புது மரப்பசை போட்டு, கயிற்றால் இறுக்கிக் கட்டி ஒரு நாள் விட்டால் நின்றுவிடும். மேலே கீறல் இருந்தால் 120 எண் உப்புத்தாளால் தேய்த்து, 220-ஆல் வழவழப்பாக்கி, எண்ணெயோ வார்னிஷோ பூசலாம். ஆனால் ரொம்பப் பழைய பெயிண்ட் பூசிய சாமான் என்றால் அதில் ஈயம் இருக்கலாம், உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதைக் கொண்டுவரவே வேண்டாம். மெத்தையை மட்டும் பழையதாக வாங்காதீர்கள். துணி வைத்த நாற்காலி என்றால் தையல் ஓரங்களை விரித்து மூட்டைப்பூச்சியின் கரும்புள்ளிகள் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்; கழற்றக்கூடிய உறைகளை 60 டிகிரி தண்ணீரில் துவைத்தால் பூச்சியும் முட்டையும் போய்விடும்.

வாடகைக்காரர்களுக்கு இன்னும் ஒன்று. மாற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்து வையுங்கள், கழற்றிய பல்பு, கைப்பிடி, திரைச்சீலைக் கம்பி எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டுப் பெயர் எழுதிப் பரணில் ஏற்றுங்கள். காலி செய்யும் அன்று அவற்றைத் திரும்ப மாட்டிவிட்டு, உங்களுடையதை எடுத்துக்கொண்டு போகலாம், முன்பணத்தில் கை வைக்க யாருக்கும் காரணம் கிடைக்காது.