என்விரான்மென்ட் வேரியபிள் விடுபட்டால் பைத்தான் ஸ்கிரிப்டில் செய்யக்கூடாதவை

பாஸ்வேர்டு, சர்வர் பெயர் போன்றவற்றைக் கோடுக்குள் எழுதாமல் வெளியிலிருந்து ஸ்கிரிப்டுக்குக் கொடுக்கும் மதிப்புதான் என்விரான்மென்ட் வேரியபிள். பைத்தானில் அதைப் படிக்கப் பலரும் உடனே எடுப்பது ஓஎஸ்.கெட்என்வ். வேரியபிள் இல்லாவிட்டால் அது ‘நன்’ (None) என்ற வெற்று மதிப்பைத் தந்துவிட்டு அமைதியாக நகர்ந்துவிடும். ஓஎஸ்.என்விரானில் சதுர அடைப்புக்குள் பெயரைக் கொடுத்தால் கீஎரர் வந்து ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கும். எரர் வருகிறதே என்று முதலாவதுக்கு மாறுவதுதான் பெரிய தவறு.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் பழைய பதிவுகளை அழிக்கும் ஸ்கிரிப்ட் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். சர்வர் பெயர் ‘நன்’ ஆக வந்தாலும் பைத்தானைப் போஸ்ட்கிரெஸோடு இணைக்கும் சைகோபிஜி2 லைப்ரரி எரர் காட்டாது. ஹோஸ்ட் கொடுக்கவே இல்லை என்று எடுத்துக்கொண்டு, வழக்கமாக அதே மெஷினில் ஓடும் போஸ்ட்கிரெஸுக்குப் போய்விடும். அங்கே அதே பெயரில் வேறொரு டேட்டாபேஸ் இருந்து, உள்ளே நுழைய அனுமதியும் இருந்தால், அழிக்கக்கூடாததை அழித்துவிட்டு வேலை முடிந்ததாகச் சொல்லும். இதைவிட கீஎரர் ஆயிரம் மடங்கு மேல்.

டீஃபால்ட் கொடுப்பதிலும் கவனம் வேண்டும். லாக் லெவலுக்கு டீஃபால்ட் சரி. பாஸ்வேர்டுக்கும் சீக்ரெட் கீக்கும் கூடவே கூடாது. சோதனைக்கு வைத்த மதிப்பு அப்படியே புரொடக்‌ஷனுக்குப் போய்விடும். அப்புறம், பெயரை எழுதி, சமக்குறிக்குப் பின் எதுவும் எழுதாமல் விட்ட வேரியபிள் ‘இல்லாதது’ ஆகாது. அதற்கு டீஃபால்ட் வராது, காலி ஸ்ட்ரிங்தான் வரும். ‘ஃபால்ஸ்’ என்று எழுதி வைத்து எதையும் ட்ரூ அல்லது ஃபால்ஸ் ஆக மாற்றும் பூல் ஃபங்ஷனுக்குக் கொடுத்தாலோ ‘ட்ரூ’ கிடைக்கும், ஏனென்றால் அது காலியில்லாத ஸ்ட்ரிங்.

டெர்மினலில் ஓடியது, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானில் ஓடவில்லையா? டெர்மினல் திறக்கும்போது வேரியபிள்களை அமைக்கும் உங்கள் பாஷ்ஆர்சி ஃபைலை கிரான் படிப்பதில்லை. வேரியபிள்களை எழுதி வைக்கும் டாட்என்வ் (.env) ஃபைலைப் படிக்கும் லோட்_டாட்என்வ் ஃபங்ஷனும் அந்த ஃபைல் கிடைக்காவிட்டால் எரர் எழுப்பாது.

சரி, என்ன செய்யலாம்? கட்டாயம் தேவைப்படும் பெயர்களை ஒரு லிஸ்ட்டில் வையுங்கள். எந்த வேலையும் தொடங்கும் முன் அதைச் சுற்றி வந்து, இல்லாதவை, காலியானவை எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு, ஒரே செய்தியாக, ஸ்கிரிப்டை நிறுத்தும் சிஸ்.எக்சிட்டுக்குக் கொடுங்கள். செய்தி ஸ்டாண்டர்ட் எரருக்குப் போகும், எக்சிட் கோடும் தோல்வியைக் குறிக்கும் 1 ஆக இருக்கும். ஒவ்வொன்றாக எரர் வாங்கித் திருத்தும் அலைச்சல் மிச்சம். செய்தியில் பெயர் மட்டும் போதும், மதிப்பை அச்சிடாதீர்கள். இந்தச் சோதனையை மெயின் ஃபங்ஷனுக்குள் வையுங்கள். ஃபைலின் தலையிலேயே வைத்தால் டெஸ்டுக்காக இம்போர்ட் செய்யும்போதே எல்லாம் வெளியேறிவிடும்.