தரவுத்தளக் கண்காணிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளிக்கிழமை மாலை பெங்களூரு மடிவாளாவில் நின்றவர்களுக்கு, சேலத்துக்கும் மதுரைக்கும் நாகர்கோவிலுக்கும் புறப்படும் பேருந்துகளின் நெரிசல் தெரிந்திருக்கும். அந்தப் பேருந்துகளுக்கு முன்பதிவு செய்யும் ஒரு நிறுவனத்தில் நான் தரவுத்தள நிர்வாகியாக இருந்தபோது, அத்தகைய ஒரு மாலையில் ஏறக்குறைய நாற்பது நிமிடங்களுக்கு ஒரு பயணச்சீட்டுகூடப் பதிவாகவில்லை. கண்காணிப்புத் திரையில் சிபியு பயன்பாடு 12 சதவீதம். நினைவகமும் டிஸ்க்கும் இயல்பான அளவிலேயே இருந்தன. எனவே கோளாறு நெட்வொர்க்கில்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, முதல் இருபது நிமிடங்களை அங்கேயே தொலைத்தோம்.

உண்மையில் நடந்தது வேறு. எங்களுடையது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். ஒருவர் குவரிக் கருவியில் (குவரி என்பது தரவுத்தளத்துக்கு இடும் கேள்வி அல்லது கட்டளை) ஒரு பரிவர்த்தனையை, அதாவது ஒரே தொகுப்பாக முடிக்க வேண்டிய பணியைத் தொடங்கி, தரவை வாசிக்க மட்டும் செய்யும் சாதாரண செலக்ட் குவரி ஒன்றை ஓட்டிவிட்டு, அதை முடிக்காமலே எழுந்து போயிருந்தார். சற்று நேரத்தில் அதே அட்டவணையில் புதிய நெடுவரிசை சேர்க்கும் ஆல்டர் கட்டளை வந்தது. அதற்கு அட்டவணையின் முழுப் பூட்டு தேவை; அதாவது அந்நேரம் வேறு யாரும் அட்டவணையைத் தொடக் கூடாது. திறந்து கிடந்த பரிவர்த்தனை அதற்கு வழிவிடவில்லை. ஆல்டருக்குப் பிறகு வந்த குவரிகள் அனைத்தும், வெறும் வாசிப்புக் குவரிகள்கூட, அதன் பின்னால் வரிசையில் நின்றுவிட்டன. பூட்டுக்காகக் காத்திருக்கும் குவரிக்கு சிபியுவில் வேலையே இல்லை. அந்தத் தாழ்ந்த 12 சதவீதமே நோயின் அறிகுறியாக இருந்தது. நாங்கள் அதை நலத்தின் அறிகுறியாகப் படித்தோம்.

சர்வரின் அளவீடுகளை மட்டும் பார்த்துவிட்டுத் தரவுத்தளத்தையே கண்காணித்துவிட்டதாக எண்ணுவதுதான், நான் கண்டவரையில், மிகப் பரவலான தவறு. எத்தனை இணைப்புகள் இந்த நொடியில் எதற்காகக் காத்திருக்கின்றன என்பதைத் தரவுத்தளத்திடமே கேட்க வேண்டும். போஸ்ட்கிரெஸில் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி ஒவ்வொரு இணைப்பின் காத்திருப்புக் காரணத்தையும் சொல்லும். பிஜி_பிளாக்கிங்_பிட்ஸ் யார் யாரைத் தடுக்கிறார் என்று காட்டும். இன்னொரு தரவுத்தளமான மைஎஸ்கியூஎல்லில் பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமா இதே வகை விவரங்களைத் தரும். ஆரக்கிள் தரவுத்தளத்தில், எந்த இணைப்பு என்ன செய்கிறது என்று நொடிக்கு ஒருமுறை மாதிரி எடுத்து வைக்கும் வசதி உண்டு. ஆனால் அதற்குத் தனி உரிமம் வேண்டும் என்பதால், பயன்படுத்துவதற்கு முன் ஒப்பந்தத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. பரிவர்த்தனையைத் திறந்துவைத்துச் சும்மா இருக்கும் இணைப்பைத் தானாகத் துண்டிக்கும் காலவரம்பு போஸ்ட்கிரெஸ் 9.6 முதல் இருக்கிறது; ஆனால் நாம் மதிப்புக் கொடுக்காதவரை அது செயல்படுவதில்லை.

சராசரியை நம்புவது அடுத்த தவறு. ஆயிரம் குவரிகளில் 990 குவரிகள் 10 மில்லிநொடியிலும், மீதிப் பத்து 3 நொடியிலும் முடிகின்றன என்று வைத்துக்கொண்டால், சராசரி ஏறக்குறைய 40 மில்லிநொடி என்று வரும். அந்த எண்ணைப் பார்த்து யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஆனால் நூற்றில் ஒரு குவரிக்கு யாரோ ஒருவர் 3 நொடி காத்திருக்கிறார். கால அளவிலும் இதே சிக்கல் உண்டு. ஐந்து நிமிடத்தில் 30 நொடிகள் சிபியு 100 சதவீதத்தையும், எஞ்சிய நேரம் 20 சதவீதத்தையும் தொட்டால், ஐந்து நிமிடச் சராசரி 28 சதவீதமாகத்தான் பதிவாகும். 99, 99.9 ஆகிய சதமான அளவுகளையும் (நூற்றில் 99, ஆயிரத்தில் 999 குவரிகள் எத்தனை நேரத்துக்குள் முடிகின்றன என்பவை), நிமிடத்துக்கும் குறைவான இடைவெளி அளவீடுகளையும் வைத்துக்கொள்ளாவிட்டால் இத்தகைய திடீர் உச்சங்கள் கண்ணில் படவே மாட்டா.

நான் மிகவும் அஞ்சுவது, வலியே இல்லாமல் மாதக்கணக்கில் வளர்ந்து ஒரே நாளில் தரவுத்தளத்தை நிறுத்திவிடும் வகையைத்தான். போஸ்ட்கிரெஸில் பரிவர்த்தனைகளுக்கு வரிசையாகத் தரப்படும் எண் 32 பிட் அளவுடையது; அதாவது அதற்கு ஓர் எல்லை உண்டு. அட்டவணையின் பழைய வரிசைகளை (பதிவுகளை) வேக்கம் என்ற துப்புரவுச் செயல்முறை உறையவைக்காமல், அதாவது இனி எண் பார்க்கத் தேவையில்லை என்று குறிக்காமல், மிகப் பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள இடைவெளி 200 கோடியை நெருங்கினால், தரவைக் காக்கும் பொருட்டு போஸ்ட்கிரெஸ் புதிய எழுத்துப் பணிகளை ஏற்க மறுத்துவிடும். வழக்கமாக இடைவெளி 20 கோடியைக் கடக்கும்போதே தானியங்கி வேக்கம் கட்டாயமாகத் தொடங்கும். ஆனால் யாரோ திறந்துவைத்த பழைய பரிவர்த்தனையோ, கைவிடப்பட்ட நகல் ஸ்லாட்டோ (நகல் சர்வர் எதுவரை வாசித்தது என்று நினைவில் வைக்கும் குறிப்பு) அதன் பணியைத் தடுத்துவிடும். அந்த ஸ்லாட் இன்னொரு வகையிலும் ஆபத்தானது: வாசிக்கும் நகல் சர்வர் இல்லாவிட்டாலும் அதற்காக வால் (WAL) கோப்புகளை, அதாவது மாற்றங்களைப் பதியும் கோப்புகளை, டிஸ்க் நிரம்பும்வரை சேர்த்துக்கொண்டே போகும். இதற்கு உச்சவரம்பு வைக்கும் அமைப்பு 13ஆம் பதிப்பில் வந்தது. இயல்பு நிலையில் அதில் வரம்பு ஏதும் இல்லை.

முதன்மைச் சாவியாக, அதாவது ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் எண்ணாகப் பலர் வைக்கும் சாதாரண முழு எண்ணின் எல்லை 214 கோடியே 74 லட்சத்துச் சொச்சம். ஓர் அட்டவணையின் எண் 190 கோடியைத் தொட்டு, நாளொன்றுக்கு 20 லட்சம் வரிசைகள் சேர்கின்றன என்றால், எஞ்சியிருப்பது சுமார் நான்கு மாதம். இத்தகையவற்றுக்கெல்லாம் "எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது" என்ற அலர்ட்டைவிட, "இதே வேகத்தில் இன்னும் எத்தனை நாள் தாங்கும்" என்ற அலர்ட் பன்மடங்கு பயன் தரும். 80 சதவீதம் நிரம்பிய டிஸ்க்கில் எஞ்சியிருப்பது 20 ஜிபியா, 2 டிபியா என்பதைச் சதவீதம் சொல்வதில்லை.

அலர்ட் வரவில்லை என்பதால் கோளாறும் இல்லை என்று கருதக் கூடாது. மைஎஸ்கியூஎல் நகல் சர்வர் முதன்மைச் சர்வரைவிடப் பின்தங்குவது 60 நொடியைத் தாண்டினால் எச்சரி என்று எழுதி வைப்போம், நகலெடுப்பே நின்றுபோனால் அந்த இடத்தில் எண் வராமல் வெறுமதிப்பு (மதிப்பு இல்லை என்ற குறி) வரும், வெறுமதிப்பு 60ஐத் தாண்டாது, அலர்ட்டும் அடிக்காது. அளவீடு வராமல் போவதற்கே தனி அலர்ட் வைப்பதுதான் இதற்கு வழி. பேக்கப் வெற்றிகரமாக முடிந்தது என்ற செய்தியும் இப்படிப்பட்டதுதான். வேறொரு சர்வரில் மீட்டெடுத்துப் பார்க்காதவரை அதை நம்ப இயலாது.

ஒப்பீட்டிலும் பிழை நேரும். வெள்ளி மாலையின் சுமையை வியாழன் மாலையோடு ஒப்பிட்டால், ஊருக்குக் கிளம்பும் கூட்டமே கோளாறாகத் தெரியும். முந்தைய வெள்ளியின் அதே மணியோடு ஒப்பிட வேண்டும். சர்வரின் நேரம் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருந்தால், அதன் நள்ளிரவுப் பணி இங்கே காலை ஐந்தரைக்கு ஓடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கருவிகளைக் கோளாறு வந்தபின் இயக்கிக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடுவதும் தவறு. மைஎஸ்கியூஎல்லின் மெதுவான குவரி லாக் இயல்பு நிலையில் அணைந்திருக்கும்; இயக்கினாலும் 10 நொடிக்கு மேற்பட்ட குவரிகளையே பதியும். போஸ்ட்கிரெஸில் குவரிவாரியாகக் கணக்கு வைக்கும் பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸை முதன்முறை சேர்க்க சர்வரையே மறுதொடக்கம் செய்ய வேண்டும். நெரிசல் வேளையில் அதற்கு யாரும் அனுமதி தர மாட்டார்கள். மேலும் அது தொடக்கத்திலிருந்தான மொத்தத்தையே காட்டும் என்பதால், சில நிமிடங்களுக்கு ஒருமுறை அதன் நிலையை வேறோர் இடத்தில் சேமித்துவைத்தால்தான் "ஆறு மணிக்கு என்ன மாறியது" என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை எங்களை மேலும் தாமதப்படுத்தியது கண்காணிப்பு நிரலின் இணைப்புதான். வரிசையில் நின்ற குவரிகளே கிடைக்கக்கூடிய இணைப்புகள் அத்தனையையும் பிடித்துக்கொண்டதால், சாதாரணப் பயனராக நுழைய முயன்ற அந்த நிரலுக்கு இடம் கிடைக்கவில்லை. தரவுத்தளத்தைப் பற்றித் திரை பழைய எண்களையே காட்டிக்கொண்டிருந்தது. போஸ்ட்கிரெஸ் மேல்நிலைப் பயனருக்கென்று (எல்லா அனுமதிகளும் உள்ளவருக்கென்று) இயல்பாக 3 இணைப்புகளை ஒதுக்கி வைக்கிறது; அவற்றில் ஒன்றின் வழியாக உள்ளே சென்ற பிறகுதான், திறந்து கிடந்த அந்தப் பரிவர்த்தனையை எங்களால் காணவும் நிறுத்தவும் முடிந்தது. 16ஆம் பதிப்பு முதல் கண்காணிப்புப் பயனர் போன்றோருக்கும் இணைப்புகளைத் தனியாக ஒதுக்கலாம். நான் பொறுப்பேற்கும் எந்தத் தரவுத்தளத்திலும் இன்று முதல் வேலையாக அந்த ஒதுக்கீட்டைச் செய்துவிட்டு, சோதனைச் சர்வரில் எல்லா இணைப்புகளையும் வேண்டுமென்றே நிரப்பி, கண்காணிப்பு நிரலால் அப்போதும் உள்ளே நுழைய முடிகிறதா என்று பார்க்கிறேன்.