மலிவு விலை சர்ப்ளஸ் கைத்துப்பாக்கி: முதல்முறை வாங்குகிறவர் சறுக்கும் இடங்கள்

அமெரிக்கத் துப்பாக்கிக் கடைகளில் ‘சர்ப்ளஸ்’ என்ற ஒரே பெயரில் இரண்டு வேறுபட்ட சரக்குகள் விற்கப்படுகின்றன. ஒன்று, பழைய கிழக்கு ஐரோப்பிய ராணுவங்களும் போலீசும் கழித்தவை: மகரோவ், டோக்கரேவ், செக் நாட்டு சிஇசட் 82, போலந்தின் பி-64. இன்னொன்று, அமெரிக்க போலீஸ் துறைகள் புதியது வாங்கும்போது பழையதாகக் கொடுத்துவிட்டவை: கிளாக் 22, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10. முதல் வகையில் வரலாற்று வாசனை உண்டு. இரண்டாவது வெறும் வேலைக்கருவி. முதல்முறை வாங்குகிறவர் பெரும்பாலும் வாசனையின் பின்னால்தான் போகிறார். மற்ற தவறுகளில் பாதி அங்கிருந்தே கிளம்புகின்றன.

முதலில் தோட்டாவைப் பாருங்கள், பிறகு துப்பாக்கியைப் பாருங்கள். ரஷ்ய நகான்ட் 1895 ரிவால்வர் ஒரு காலத்தில் 100 டாலருக்கும் கீழே கிடைத்தது. சுடும் நேரத்தில் தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் சிலிண்டர் முன்னால் நகர்ந்து குழலோடு ஒட்டிக்கொள்ளும் விநோதமான அமைப்பு அதற்கு. அதற்கென்றே நீளமாகச் செய்த 7.62×38ஆர் தோட்டாவை (இத்தகைய பெயர்களில் முதல் எண் தோராயமான குறுக்களவு, அடுத்தது உறையின் நீளம், இரண்டும் மி.மீ.) மிகச் சிலரே தயாரிக்கிறார்கள். வாங்கிய பிறகுதான் யானையைக் கட்டித் தீனி போடும் கதை புரியும். மகரோவ் வகையின் 9×18 அவ்வளவு மோசமில்லை என்றாலும், அதற்கு மலிவாக வந்துகொண்டிருந்த ரஷ்யத் தோட்டாக்களுக்குப் புதிய இறக்குமதி அனுமதி 2021 செப்டம்பரோடு நின்றுபோனது. கணக்கு எளிது: ஒரு தோட்டாவுக்கு 15 சென்ட் கூடுதல் என்றால் 1,000 தோட்டாவில் 150 டாலர். துப்பாக்கியில் மிச்சம் பிடித்தது அங்கே கரைந்துவிடும். பழக நினைப்பவருக்கு 9×19 அல்லது, ரிவால்வரில், .38 ஸ்பெஷல் தோட்டாதான் நிம்மதி.

தோட்டாவின் பெயரை அரைகுறையாகப் படிப்பது ஆபத்தில் முடியும். ‘9 மி.மீ.’ என்று பேச்சில் சொல்வது 9×19. மகரோவின் 9×18இல் உறை (மருந்து அடங்கிய உலோகக் கூடு) ஒரு மி.மீ. குட்டை, ஆனால் அதன் முனையிலிருந்து பாயும் குண்டு பருமன், 9.27 மி.மீ. 9×19 குண்டோ சுமார் 9.02 மி.மீ. தான். இவை ஒன்றுக்கொன்று மாற்று ஆகாது. ரிவால்வரில் இதே குழப்பம் இன்னும் நுணுக்கமானது. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனுக்குப் போன ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ‘விக்டரி’ ரிவால்வர்கள் .38 எஸ் அண்ட் டபிள்யூ தோட்டாவுக்கானவை. அந்த உறை .38 ஸ்பெஷலைவிடக் குட்டை, ஆனால் பருமன். பிற்காலத்தில் பலவற்றின் அறைகளை (தோட்டா உட்காரும் துளைகளை) ஆழமாகக் குடைந்து .38 ஸ்பெஷல் நுழையும்படி மாற்றி விற்றார்கள். நுழையும், சுட்டதும் உறையின் அடிப்பாகம் வீங்கும், சில நேரம் பிளக்கும். மலிவான விக்டரி கண்ணில் பட்டால் குழலில் பொறித்திருப்பதோடு நிற்காமல், கன்ஸ்மித் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) ஒருவரிடம் அறையை அளக்கச் சொல்லுங்கள்.

சின்னது என்றால் சுடச் சுலபம் என்ற நினைப்பும் பொய். பி-64, ஹங்கேரியின் பிஏ-63 இரண்டும் ‘ப்ளோபேக்’ வகை: குழலின் மேல் முன்பின் ஓடும் ஸ்லைடு குழலோடு பூட்டிக்கொள்வதில்லை, அதன் எடையும் ஸ்பிரிங்கும் மட்டுமே அதைத் தடுக்கின்றன. உடலும் லேசானது, ஆகவே உதைப்பு நேராக உள்ளங்கைக்கு வருகிறது. பி-64இல் விசையின் (ட்ரிக்கர்) முதல் இழுப்பு, அதாவது தோட்டாவை வெடிக்க வைக்க அடிக்கும் சுத்தியையும் சேர்த்துத் தூக்கும் டபுள் ஆக்‌ஷன் இழுப்பு, விரலை நடுங்க வைக்கும் அளவுக்குக் கனம். வாங்கியவர்கள் செய்யும் முதல் வேலையே சுத்தி ஸ்பிரிங்கை மாற்றுவதுதான். அதே தோட்டாவைச் சுடும் சிஇசட் 82 பெரியது, கைக்கு அடங்கும், சுடவும் இதமானது. ஆனால் அதன் மேகசினில் (பிடிக்குள் செருகும் தோட்டாக் கூட்டில்) 12 தோட்டா. 10க்கு மேல் கூடாது என்ற சட்டமுள்ள மாநிலங்களில் அது சிக்கல்.

போலீஸ் சரக்கில் .40 காலிபர் ஏன் இவ்வளவு மலிவு என்று கேட்க வேண்டும். எஃப்.பி.ஐ. மறுபடி 9 மி.மீ.க்குத் திரும்பியதும் மற்ற துறைகளும் பின்தொடர்ந்து .40 துப்பாக்கிகளைக் கொட்டிவிட்டன. துப்பாக்கியில் குறையில்லை, தோட்டா விலையும் உதைப்பும் 9 மி.மீ.யைவிட அதிகம், அவ்வளவே. இடுப்பு உறையில் (ஹோல்ஸ்டர்) போட்டு எடுத்ததால் முனையில் வண்ணம் போயிருந்தால் கவலை வேண்டாம். பல போலீஸ் துப்பாக்கிகள் வருடக்கணக்கில் இடுப்பில் தொங்கியவை, சுட்டது குறைவு. இருட்டில் ஒளிரும் சைட்டுக்கு (குறிபார்க்கும் முள்ளுக்கு) மட்டும் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்: அதை ஒளிர வைக்கும் ட்ரிட்டியத்தின் அரை ஆயுள் சுமார் 12.3 ஆண்டு, துறை கழிக்கும்போது ஒளியில் பாதி போயிருக்கும்.

வெளிப்பூச்சைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் குழலுக்குள் பார்ப்பதில்லை. மேகசினைக் கழற்றி, அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்தபின், அறைப் பக்கமிருந்து சின்ன டார்ச் அடித்துப் பாருங்கள். லேசான கருமை பரவாயில்லை. சுற்றிவர ஒரு நிழல் வளையம் தெரிந்தால் குழல் வீங்கியிருக்கிறது, அதை வைத்துவிட்டு வாருங்கள். ரிவால்வரில் வேலை அதிகம். சிலிண்டரை ஒரு விரலால் லேசாக இழுத்துப் பிடித்தபடி சுத்தியை மெதுவாகப் பின்னால் தள்ளுங்கள். சுத்தி நிற்கும் முன்பே சிலிண்டர் பூட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு அறைக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள், ஒன்றில் மட்டும் பிந்துவது சகஜம். அறை குழலோடு நேராக நிற்காவிட்டால் சுடும்போது ஈயச் சிதறல் பக்கவாட்டில் தெறிக்கும். குழலுக்கும் சிலிண்டருக்கும் இடையே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்தால் 0.1 முதல் 0.25 மி.மீ. வரை இருப்பது நல்லது. கடைசியாக, தூக்கி நிறுத்திய சுத்தியைக் கட்டைவிரலால் முன்னோக்கி அழுத்துங்கள். விசையைத் தொடாமலே விழுந்தால் வேண்டாம்.

காலி துப்பாக்கியின் விசையை இழுத்துப் பார்க்கும் முன் கடைக்காரரிடம் கேளுங்கள். செக் நாட்டு சிஇசட் 52இன் ஃபயரிங் பின் (தோட்டாவின் அடியைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசி) வெறும் சுத்தியடியில் உடையக்கூடியது. அதைவிட முக்கியம் அதன் சுத்தியை இறக்கும் நெம்பு: பாகங்கள் தேய்ந்திருந்தால், இறக்கும்போதே தோட்டா வெடித்துவிடும். உள்ளே தோட்டா இருக்கும்போது அதைத் தொடவே கூடாது. டோக்கரேவில் மூல வடிவில் கையால் போடும் சேஃப்டி கிடையாது. அமெரிக்க இறக்குமதி விதிக்காகப் பிற்பாடு ஒட்டவைத்த சேஃப்டி நெம்பு நன்றாகப் பொருந்தியிருக்கிறதா என்று பாருங்கள். நம்பி அறையில் தோட்டாவோடு வைத்திருப்பது சரியல்ல.

ஸ்பெயினின் ஸ்டார் பிஸ்டல்களில் பல 9×19 சுடும், கைக்கும் அழகு. ஆனால் கம்பெனி 1997இல் மூடிவிட்டது. மேகசின், ஃபயரிங் பின் இரண்டும் கைவசம் கிடைக்குமா என்று தேடிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

சட்டத்தில் தெரியாமல் செய்தது என்ற சமாதானம் செல்லாது. கைத்துப்பாக்கியை லைசென்ஸ் பெற்ற கடையில் வாங்க 21 வயது, வாங்குபவர் நிரப்பும் கூட்டரசின் 4473 படிவம், பின்னணிச் சோதனை வேண்டும். இணையத்தில் வாங்கினாலும் உங்கள் மாநிலத்துக் கடைக்குத்தான் வரும். அவர்கள் வாங்கும் கட்டணத்தையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். வேறொருவருக்காக உங்கள் பெயரில் கையெழுத்திடுவது குற்றம். அங்கே வேலைக்கும் படிப்புக்கும் போயிருக்கும் தமிழர்கள் கவனிக்க: கிரீன் கார்டு உள்ளவர் வாங்கலாம். ஆனால் எச்-1பி, எஃப்-1 விசாவில் இருப்பவர், செல்லத்தக்க வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது. நண்பர் இரவல் தந்தாலும் அதே கதி.

பழைய ராணுவத் தோட்டா பெட்டியோடு கிடைத்தால் ஒரு எச்சரிக்கை. அவற்றில் பலவற்றின் பிரைமர் (அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் பகுதி) விட்டுச்செல்லும் உப்பு, காற்றின் ஈரத்தை இழுத்துக் குழலை அரிக்கும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது. அன்றைக்கே சுடுநீரால் கழுவி, நன்றாக உலர்த்தி, பிறகு எண்ணெய் போட வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் முழுதாகப் பிரித்து, கிடங்கில் பூசிய தடித்த கிரீஸைத் துடைத்தெடுங்கள். ஃபயரிங் பின் ஓடும் துளையில் அது தங்கினால் தோட்டா வெடிக்காது, அல்லது பின் முன்னால் சிக்கி நிற்கும். ஸ்லைடைத் திரும்ப முன்னால் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கைப் புதிதாக மாற்றுங்கள், செலவு சொற்பம். சுடுதளத்தில் முதல் முறை மேகசினில் ஒரே ஒரு தோட்டா. அது சரியாகப் போனால் இரண்டு. ஒரே இழுப்பில் இரண்டும் வெடித்தால் சியர் (சுத்தியைப் பிடித்து நிறுத்தும் பாகம்) தேய்ந்திருக்கலாம். அத்தோடு நிறுத்திக் கன்ஸ்மித்திடம் கொடுங்கள்.