விஞ்ஞானப் புனைவுத் தொடரில் காதல் ஒட்டுகிறதா? கொப்பி வைத்துச் சோதிக்கும் முறை

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ நாலு பேர் கூடி ஒரு விண்வெளித் தொடரைப் பார்த்து முடித்தால், கடைசியில் வாக்குவாதம் காதலில்தான் வந்து நிற்கும். "அந்தக் காதல் ஒட்டவே இல்லை" என்பார் ஒருவர். "எனக்கு ஒட்டியது" என்பார் மற்றவர். அதோடு கதை முடிந்துவிடும். இருவரிடமும் காட்டுவதற்குச் சான்று இல்லை. தொடர் விமர்சனம் எழுதத் தொடங்குகிறவர்கள் அந்தச் சான்றை எப்படிச் சேர்ப்பது என்று இங்கே படிப்படியாகச் சொல்கிறோம். உதாரணங்களில் பல தொடர்களின் முடிவுகள் வெளிப்படும். பார்க்காத தொடரின் பெயர் வந்தால் அந்தப் பந்தியைத் தாண்டிப் போங்கள்.

முதலில் ஒரு வரையறை. இருவர் சேரும் காட்சி வருவதற்கு முன்பே, அந்தச் சேர்க்கைக்கான விலையை இருவரும் கொடுத்திருந்தால் காதல் ஒட்டும். விலை என்றால் ஏதோ ஒன்றை இழப்பது: பதவி, நட்பு, இரகசியம், உயிர். கொடுக்காமல் சேர்ந்தால் கடைசி எபிசோடில் பசை தடவி ஒட்டியதுபோல் தெரியும்.

தேவையானவை

80 பக்கக் கொப்பி ஒன்று, இரண்டு நிறப் பேனை, தொடரின் எபிசோட் பட்டியல். நேரம்தான் பெரிய செலவு. ஒரு காதல் இழையைச் சோதிக்க ஆறு முதல் எட்டு எபிசோட் வேண்டும். எபிசோட் ஒன்று 45 நிமிடம் என்று வைத்தால் எட்டுக்கு ஆறு மணித்தியாலம். ஒரு போயா விடுமுறை நாள் கணக்காகப் போதும். வேலை முடிந்து வந்து இரவில் ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒரு கிழமைக்கு மேல் இழுக்கும். அதற்குள் முதல் எபிசோடின் நுணுக்கங்கள் மறந்துபோகும். முடிந்தவரை ஒரே மூச்சில் பாருங்கள்.

படி 1: இரண்டு காதல்களைத் தெரிவு செய்யுங்கள்

ஒன்றை மட்டும் எடுத்தால் அளவுகோல் கிடைக்காது. ஒட்டியது என்று பலர் சொல்லும் ஒன்று, ஒட்டவில்லை என்று பலர் சொல்லும் ஒன்று என இரண்டை எடுங்கள். ஒரே குடும்பத்துத் தொடர்களாக இருந்தால் இன்னும் நல்லது. தயாரிப்பு முறையும் எபிசோட் நீளமும் ஒத்திருப்பதால் எழுத்தில் உள்ள வேறுபாடு மட்டும் துலங்கும். ஆரம்பிப்பவர்களுக்கு நாங்கள் சொல்வது ஸ்டார் ட்ரெக் குடும்பத்திலிருந்து இந்த இரண்டை: 'வோயேஜர்' தொடரில், இயந்திர இனமொன்றிடமிருந்து மீட்கப்பட்ட செவன் ஆஃப் நைன் என்ற பெண்ணும் கப்பலின் துணைத் தலைவன் சக்கோட்டேயும்; 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில், உருமாறும் இனத்தைச் சேர்ந்த காவல் அதிகாரி ஓடோவும் அதே விண்வெளி நிலையத்தின் அதிகாரி கீராவும்.

படி 2: முடிவிலிருந்து பின்னோக்கிப் போங்கள்

இருவரும் சேரும் காட்சியை முதலில் பாருங்கள். அந்தக் காட்சி எதையெல்லாம் நமக்கு முன்பே தெரிந்ததாக எடுத்துக்கொள்கிறது என்று குறியுங்கள். பிறகு பட்டியலைப் பார்த்து, அவை உண்மையில் காட்டப்பட்ட எபிசோட்களைத் தேடுங்கள். தொடக்கத்திலிருந்து பார்த்தால், ஒரு பார்வையும் ஒரு சிரிப்பும்கூட "விதை" என்று மனம் சேர்த்துக்கொள்ளும். பின்னோக்கிப் போனால் அந்த ஏமாற்று குறைவு.

படி 3: வரவு செலவு எழுதுங்கள்

மிகக் கூடிய நேரம் இதற்கே போகும். போகட்டும். பக்கத்தில் நான்கு நிரல் கீறுங்கள்: எபிசோட், யார், என்ன செய்தார், என்ன இழந்தார். ஒருவருக்கு ஒரு நிறப் பேனை. செயலை மட்டுமே எழுத வேண்டும். நீண்ட பார்வை செயலல்ல. "உங்கள் இருவருக்கும் நல்ல பொருத்தம்" என்று மூன்றாவது ஆள் சொல்வதும் செயலல்ல. உண்மையில் அந்த வசனம் வந்தாலே, காட்ட வேண்டியதை எழுத்தாளர் வேறொருவர் வாயில் போட்டுவிட்டார் என்று சந்தேகியுங்கள்.

செவன், சக்கோட்டே பக்கத்தை நிரப்பிப் பாருங்கள். 2001இல் வந்த ஏழாவது சீசனில், கணினி உருவாக்கிய போலிச் சக்கோட்டேயுடன் செவன் காதலை ஒத்திகை பார்க்கிறாள். உணர்ச்சி கூடினால் அவளுடைய மூளையில் உள்ள கருவி அவளைச் செயலிழக்கச் செய்துவிடும் என்பது அங்கேதான் தெரிய வருகிறது. அருமையான தடை! காதலித்தால் உயிருக்கே ஆபத்து என்பதை விஞ்ஞானமே கொண்டுவந்து வைத்திருக்கிறது. ஆனால் அந்த எபிசோடில் நிஜச் சக்கோட்டேக்கு எதுவும் தெரியாது. இடையில் இருவரும் ஒரு கோளில் சிக்குகிற எபிசோட்கூட இருக்கிறது, அதுவும் காதலை வளர்க்கவில்லை. அதே ஆண்டு வந்த இறுதி எபிசோடில் பார்த்தால் இருவரும் ஏற்கெனவே ஜோடியாகிவிட்டார்கள். மூளைக் கருவிப் பிரச்சினையை வைத்தியர் ஓர் உரையாடலில் தீர்த்துவிடுகிறார். கொப்பியில் சக்கோட்டேயின் நிறம் எங்கேயும் இல்லை. ஒட்டவில்லை என்பதற்கு அந்த வெற்று நிரலே சான்று.

இனி ஓடோ, கீரா. 1995இல் வந்த மூன்றாவது சீசனில், வளரும் படிகத்துக்குள் சிக்கிய கீராவிடம் ஓடோ தன் காதலைச் சொல்கிறான். அவளும் காதலிப்பதாகச் சொல்கிறாள். அந்தப் பதிலாலேயே, அங்கே இருப்பது கீரா இல்லை, உருமாறிய இன்னொருத்தி என்று அவன் கண்டுபிடிக்கிறான். ஐந்தாவது சீசனில், காலம் குழம்பியதால் எதிர்ப்படும், 200 ஆண்டு முதிர்ந்த இன்னொரு ஓடோ, கீராவின் உயிரைக் காப்பாற்றுவதற்காக 8,000 பேர் வாழும் குடியிருப்பையே இல்லாமல் செய்கிறான். ஆறாவதில், ஓடோவின் இனம் தலைமை தாங்கும் எதிரிகள் நிலையத்தை ஆக்கிரமித்த காலத்தில், தன் இனத்தோடு கலந்திருந்த மயக்கத்தில் அவளுடைய எதிர்ப்புக் குழுவைக் கைவிடுகிறான். அவர்கள் சேர்வது 1998இல். இவ்வளவும் எழுதினால் ஓடோவின் நிறம் பக்கத்தை நிரப்பிவிடும்.

அதற்காகக் கண்ணை மூடிப் புள்ளி போடாதீர்கள். ஓடோவின் துரோகத்துக்குப் பிறகு, ஒரு விருந்து வீட்டு அலமாரி அறைக்குள் போய் இருவரும் விடிய விடியக் கதைத்துச் சமாதானமாகிறார்கள். என்ன கதைத்தார்கள் என்று நமக்குக் காட்டப்படவில்லை. அந்த இழையில் மிக முக்கியமான உரையாடல் திரைக்கு வெளியே நடந்துபோனது. கீராவின் நிறமும் ஏழாவது சீசன் வரை மெலிவாகவே இருக்கும். ஓடோ நோயில் விழுந்த பிறகு அவள் கூட நிற்கிறாள். முடிவில் அவனை அவனுடைய இனத்திடம் கொண்டுபோய் விட்டுவிட்டுத் தனியே திரும்புகிறாள். எங்கள் தீர்ப்பு: ஒட்டியது, ஆனால் நடுவில் ஒரு ஓட்டையோடு. இப்படி ஓட்டையையும் சேர்த்து எழுதும் விமர்சனத்தைத்தான் வாசகர் நம்புவார்.

எத்தனை பதிவு இருந்தால் போதும்? இருவருக்கும் தலா மூன்று, குறைந்தது இரண்டு சீசனில் பரவியிருக்க வேண்டும். இது கைக்கணக்கு, சட்டமல்ல. 1967இல் வந்த பழைய ஸ்டார் ட்ரெக் எபிசோட் ஒன்றில் கப்பல் தலைவன் கேர்க்கின் காதல் ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே ஒட்டிவிடுகிறது. காலத்தில் பின்னோக்கிப் போய் 1930ஆம் ஆண்டில் அவன் சந்தித்த ஈடித் கீலர் இறந்தால்தான் வரலாறு பிழைக்கும். அவளைக் காப்பாற்றப் பாயும் வைத்தியரைக் கேர்க்கே பிடித்து நிறுத்துகிறான். ஒரே பதிவுதான், ஆனால் அதன் விலை மிகப் பெரிது.

படி 4: நிலத்தை மாற்றிப் பாருங்கள்

நம் அகப்பாடல் மரபு தந்த கருவி இதற்கு மிக நன்றாகப் பொருந்தும். நிலமும் பொழுதும் முதற்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் ஆகியவை உரிப்பொருள். நல்ல அகப்பாடலில் பிரிவு பாலையின் வெயிலோடு பிணைந்திருக்கும். இரங்கலுக்குக் கடற்கரை வேண்டும். விஞ்ஞானப் புனைவிலும் அதே கேள்வியைக் கேளுங்கள்: இந்த உணர்வை இந்த உலகம்தான் பிறப்பித்ததா?

சோதிப்பது எளிது. காதல் இழையை ஐந்து வரியில் சுருக்குங்கள். கப்பல், கோள், இயந்திரம் எல்லாவற்றையும் அடித்துவிட்டு ஓர் ஆஸ்பத்திரியையோ வங்கியையோ போடுங்கள். கதை இம்மியும் மாறாமல் ஓடினால், அந்தக் காதலுக்கு வேர் இல்லை. மாலை நேர மெகா தொடரிலிருந்து பெயர்த்து நட்டதாக எழுதலாம்.

தேறிய உதாரணத்துக்கு 'லொஸ்ட்' தொடரின் நான்காவது சீசன், ஐந்தாவது எபிசோட், 2008. டெஸ்மண்டின் நினைவு 1996க்கும் 2004க்கும் இடையே தாவுகிறது. இரண்டு காலத்திலும் தனக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றிக்கொள்ளாவிட்டால் மூளை சிதைந்து சாவான். அந்த ஒருவர், அவன் விட்டுவிட்டு வந்த பென்னி. 1996இல் அவளிடம் போய்த் தொலைபேசி இலக்கத்தைக் கேட்கிறான். எட்டு ஆண்டுக்கு அழைக்க மாட்டேன், 2004 டிசம்பர் 24 அன்று அழைப்பேன் என்கிறான். அவன் அழைக்க, அவள் எடுக்கிறாள். காலத்தாவலை அடித்துவிட்டு ஆஸ்பத்திரியைப் போட்டால் ஒரு சாதாரணத் தொலைபேசி அழைப்புதான் மிஞ்சும். எட்டு ஆண்டுக் காத்திருப்பின் இரங்கல், பொழுது குழம்பியதால் பிறந்தது. முதற்பொருளும் உரிப்பொருளும் இப்படி ஒன்றானதை நவீனத் தொலைக்காட்சியில் இதைவிடத் தெளிவாகக் காட்டும் எபிசோடை எங்களால் சொல்ல முடியவில்லை.

படி 5: ஒலியை நிறுத்துங்கள்

காதலைச் சொல்லும் காட்சியை ஒலியில்லாமல், சப்டைட்டிலோடு மட்டும் மறுபடி பாருங்கள். வயலின் போனதும் காட்சி சப்பென்று ஆனால், உங்களை அழவைத்தது இசை. இரண்டு நிமிட வேலை.

படி 6: சேர்ந்த பிறகு மூன்று எபிசோட்

பலர் முத்தத்தோடு கொப்பியை மூடிவிடுகிறார்கள். சேர்ந்த பிறகு வரும் மூன்று எபிசோட்டையாவது பாருங்கள். உறவு அவர்களுடைய முடிவுகளை மாற்றுகிறதா? 'எக்ஸ்பான்ஸ்' தொடரில் கப்பல் தலைவன் ஹோல்டனும் அதே கப்பலின் பொறியியலாளர் நயோமியும் இரண்டாவது சீசனில் சேர்கிறார்கள். அழித்துவிட்டதாக எல்லோரும் நம்பிய ஆபத்தான வேற்றுலகப் பொருளின் மாதிரியை நயோமி மறைத்து வைத்து, பிறகு வேறொருவர் கையில் கொடுக்கிறாள். உண்மை வெளிவந்ததும் காதல் மட்டுமல்ல, கப்பலின் ஒற்றுமையே விரிசல் விடுகிறது. அடுத்த சீசனில் அவள் கப்பலை விட்டே போகிறாள். காதலும் அரசியலும் ஒரே கணக்கில் எழுதப்பட்டிருக்கின்றன.

மாறாக, 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில் ஒரே கப்பலில் அதிகாரிகளான வோர்ஃபும் ட்ரோயும். 1993இல் வந்த எபிசோடில், வேறொரு பிரபஞ்சத்தில் ட்ரோய் தன் மனைவி என்பதை வோர்ஃப் காண்கிறான். நிலச் சோதனையில் தேறும் நல்ல விதை. 1994இல் தொடர் முடிந்தது. 1995இல் வோர்ஃப் 'டீப் ஸ்பேஸ் நைன்' நிலையத்துக்கு மாறி வந்தபோது அந்த உறவுக்கு என்ன நடந்தது என்று எவரும் கணக்குச் சொல்லவில்லை. முளைத்ததற்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை.

எங்கே பிழை வரும்

அதிகமாக நடப்பது, காத்திருப்பை விலையாக எண்ணுவது. 'எக்ஸ் ஃபைல்ஸ்' 1993இல் தொடங்கியது. அதில் கூட்டாகத் துப்பறியும் மல்டரும் ஸ்கலியும் திரையில் முத்தமிட 1999 ஆனது. அந்த ஆறு ஆண்டு காதலை ஒட்டவைக்கவில்லை. அதற்குள் ஒருவருக்காக மற்றவர் செய்தவையே ஒட்டவைத்தன. கொப்பியில் ஆண்டுகளை எழுத இடமில்லாததற்குக் காரணம் அதுதான்.

இரண்டாவது, நடிகர்களின் இணக்கத்தை எழுத்தின் பலமாக எடுப்பது. இருவர் சேர்ந்து நின்றாலே அழகாக இருக்கிறது என்றால் அதைத் தனி வரியில் எழுதிப் பாராட்டுங்கள், வரவு செலவில் சேர்க்க வேண்டாம். மூன்றாவது, இவர்கள் சேர வேண்டும் என்ற உங்கள் சொந்த ஆசை. அதை முதல் பக்கத்தின் மேலேயே எழுதி வையுங்கள். தீர்ப்பு எழுதும் நாளில் அதையும் ஒருமுறை வாசியுங்கள்.

படி 7: எழுதுங்கள்

300 சொல் போதும். முதல் வரியில் தீர்ப்பு, அடுத்து கொப்பியிலிருந்து இருவருக்கும் இரண்டிரண்டு பதிவு, பிறகு நிலச் சோதனையின் விடை, கடைசியில் ஓட்டை. "எனக்கு ஒட்டவில்லை" என்பதற்குப் பதில் "இறுதி எபிசோடுக்கு முன் சக்கோட்டே அவளுக்காக எதையும் இழக்கவில்லை" என்று எழுதினால், மறுப்பவர் ஒரு காட்சியைத் தேடிக்கொண்டு வர வேண்டியிருக்கும்.

இவை கைவந்த பிறகு கடினமான ஒன்று வேண்டுமென்றால் 'ஃபார்ஸ்கேப்' தொடரின் மூன்றாவது சீசனை, 2001, எடுங்கள். அதில் கதாநாயகன் கிரைட்டன் இரண்டாகப் பிரிகிறான். எவனும் போலி இல்லை, இருவரும் அவனே. ஒருவனோடு அவன் காதலி ஏரின் போகிறாள், காதல் முற்றுகிறது, அவன் கதிர்வீச்சில் இறக்கிறான். அவள் திரும்பி வரும்போது மற்றவன் நிற்கிறான், அந்த நாட்களின் நினைவு ஒன்றும் இல்லாமல். கிரைட்டனுக்கு மட்டும் இரண்டு நிறம் எடுங்கள். இறந்தவன் கொடுத்த விலையை இருப்பவன் பக்கத்தில் எழுதலாமா என்பதை, நாலாவது சீசனுக்குள் போவதற்கு முன் முடிவு செய்யுங்கள்.